அரை டாலரை ஒரு டாலருக்கு விற்றது நியாயமா? 1893 சிகாகோ கண்காட்சி நாணயம் பற்றி ஒரு வாக்குவாதம்

தேய்ந்தகாசு:
கொலம்பஸ் அமெரிக்கா வந்த 400-ஆவது ஆண்டுக்காக நடந்த சிகாகோ உலகக் கண்காட்சியில் விற்ற கொலம்பஸ் அரை டாலரை அமெரிக்காவின் முதல் நினைவு நாணயம் என்று இங்கே ஆளாளுக்குக் கொண்டாடுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கண்காட்சிக்காரர்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் கேட்டது 50 லட்சம் டாலர் ரொக்கம். 1892 ஆகஸ்டில் காங்கிரஸ் அனுமதித்தது 50 லட்சம் அரை டாலர் நாணயங்கள், முகமதிப்பில், அதாவது நாணயத்தில் பொறித்த மதிப்பில், 25 லட்சம் டாலர். மீதியை ஜனங்களிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். விலை ஒரு டாலர். கண்காட்சிக்குள் நுழையவே 50 சென்ட்தான், ஃபெரிஸ் ராட்டினத்தில் ஏறவும் 50 சென்ட்தான். ஒரு தொழிலாளி இரண்டையும் பார்த்துவிட்டு வரக்கூடிய காசை இந்த ஒற்றை நாணயத்துக்குக் கொடுத்தான்.

பழம்பணம்:
கொடுக்கச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லையே ஐயா. அரசாங்கத்தின் வேலை அடித்துக் கொடுத்ததோடு முடிந்தது, விற்றது கண்காட்சிக் கம்பெனி. அந்தப் பணம் போன இடமும் தெரியும்: மிச்சிகன் ஏரிக்கரையில் வெள்ளை மாளிகைகளாக எழுந்த அந்த நகரத்துக்கு. பதக்கம் வாங்கியிருந்தால் வீட்டுக்குப் போன பிறகு அதைக் கடையில் நீட்ட முடியுமா? இதை நீட்டலாம், 50 சென்ட் கேள்வி கேட்காமல் செல்லும். நினைவுப் பொருள் விற்றவர்களில் இவ்வளவு யோக்கியமாக விற்றவர்கள் அன்றைக்கு வேறு யார்?

தேய்ந்தகாசு:
சென்ட் காசை உருளையில் நசுக்கி, நீள்வட்டமாக்கி, மேலே கண்காட்சிப் பெயரைப் பதித்துக் கொடுத்தார்களே, அவர்கள். அமெரிக்காவில் அந்தப் பழக்கமே அங்கேதான் தொடங்கியது. நசுங்கிய காசு செலவாகாது என்று வாங்குகிறவனுக்குக் கண்ணாலேயே தெரியும். அரை டாலர் விஷயத்தில் மறைப்பு இருந்தது. அச்சடித்ததில் பாதிக்கு மேல் விற்காமல் தேங்கியது. 25 லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை உருக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மீதியில் ஏராளமானதைக் கண்காட்சி முடிந்த பிறகு முகமதிப்புக்கே புழக்கத்தில் விட்டார்கள். மே மாதம் ஒரு டாலர் கொடுத்துப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவன், அடுத்த வருஷம் மளிகைக் கடையில் அதே கொலம்பஸைச் சில்லறையாக வாங்கியிருப்பான். அவனுக்கு என்ன பதில்?

காசுக்கண்:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த நாணயத்தை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பின்புறம் கொலம்பஸின் சாண்டா மரியா கப்பல், அதன் கீழே பூமியின் இரண்டு அரைக்கோளங்கள், 1492 என்ற ஆண்டு. என்னிடம் உள்ள தேய்ந்த பிரதியில் பாய்களின் மடிப்பு மழுங்கிவிட்டது, கோளங்களின் விளிம்பு மட்டும் எடுப்பாக நிற்கிறது. கப்பலுக்குச் சக்கரம் பூட்டிய மாதிரி தெரியும். பின்புறம் ஜார்ஜ் மார்கன் செய்தது, கொலம்பஸ் முகம் உள்ள முன்புறம் சார்லஸ் பார்பர் செய்தது. கொலம்பஸ் உயிரோடு இருந்தபோது வரைந்த உருவப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்படியென்றால் அந்த முகம் யாருடையது? எனக்கு விலையைவிட இந்தக் கேள்விதான் பெரிது.

பழம்பணம்:
முகம் கற்பனை என்பது சரி, அதற்காக நாணயம் பொய்யாகிவிடாது. @தேய்ந்தகாசு, தேங்கியது உண்மை. ஆனால் காரணம் விலை இல்லை, எண்ணிக்கை. 1893-இல் அமெரிக்காவில் வங்கிகள் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்தன. அந்த ஜூனில் இந்தியாவில் ஆங்கிலேய அரசு தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தியதும் உலகச் சந்தையில் வெள்ளி விலை மளமளவென்று விழுந்தது, இந்த அரை டாலரும் வெள்ளிதான். அப்படிப்பட்ட வருஷத்தில் 50 லட்சம் நாணயம் விற்கும் என்று நம்பியதுதான் கோளாறு. ரெமிங்டன் தட்டச்சுக் கம்பெனி முதலில் அடித்த ஒரே காசுக்கு 10,000 டாலர் கொடுத்ததைப் பார்த்து எல்லாரும் அப்படித்தான் வாங்குவார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

ராணிக்காசு:
எல்லாரும் அரை டாலரிலேயே நிற்கிறீர்கள். அதே கண்காட்சியின், ஸ்பெயின் அரசி இசபெல்லா படம் போட்ட கால் டாலரை யாரும் தொடவில்லையே? பெர்த்தா பாமர் தலைமையிலான மகளிர் குழுவுக்குக் கிடைத்த 10,000 டாலரை 40,000 கால் டாலர்களாக வாங்கிக்கொண்டார்கள். அமெரிக்க நாணயத்தில் ஒரு வெளிநாட்டு அரசி வந்தது அதுதான் முதல் தடவை. மறுபுறம் முழங்காலிட்டு நூல் நூற்கும் பெண். இதற்கும் விலை ஒரு டாலர்தான். பக்கத்திலேயே அதே காசுக்கு இரண்டு மடங்கு பெரிய வெள்ளி கிடைக்கும்போது கூட்டம் எங்கே போகும்? விற்காத 15,000-க்கும் மேற்பட்டவை உருக்கப்பட்டன. ஆனாலும் இதை முகமதிப்புக்குத் தெருவில் அள்ளி விடவில்லை. வாங்கியவர் ஏமாறவில்லை. இன்றும் இசபெல்லாவுக்குக் கொலம்பஸைவிடப் பல மடங்கு விலை.

தேய்ந்தகாசு:
ராணிக்காசு அம்மா சொன்னதுதான் என் வாதத்துக்கே பலம். விற்காததை உருக்குவதில் ஒரு நேர்மை இருக்கிறது. முன்பே வாங்கியவரை மதிக்கிற காரியம் அது.

பழம்பணம்:
அப்படியென்றால் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண்காட்சியையும் சேர்த்துப் பேசுங்கள். அந்த 1904 கண்காட்சிக்காக அமெரிக்க ஜனாதிபதிகள் ஜெஃபர்சன், மெக்கின்லி படம் போட்ட தங்க டாலர் 2,50,000 அடித்தார்கள். விலை 3 டாலர். விற்பனையைப் பார்த்துக்கொண்ட ஃபாரன் ஸெர்ப் அதைக் கரண்டியிலும் புரூச்சிலும் பதித்துக்கூட விற்றுப் பார்த்தார். கடைசியில் சுமார் 2,15,000 உலைக்குப் போயின. சிகாகோ தந்த பாடத்தை யாரும் படிக்கவில்லை. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில்தான் அதே ஸெர்ப் வேறு மாதிரி செய்தார். உலகப் பணங்களின் பெரிய கண்காட்சி ஒன்றை அரங்கில் வைத்தார். கூடவே 50 டாலர் தங்க நாணயம், வட்டத்தில் ஒன்று, எண்கோணத்தில் ஒன்று, விலை 100 டாலர். எண்கோணத்தின் மூலைகளில் டால்பின்கள். எண்கோணம் 645, வட்டம் 483தான் விற்றன, மீதி உருகின. முகமதிப்பைப்போல் இரட்டை விலைதான் அதற்கும். இன்றைக்கு அதை யார் கொள்ளை என்கிறார்கள்?

தேய்ந்தகாசு:
100 டாலர் கொடுக்க முடிந்தவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை பழம்பணம். என் வழக்கு சிகாகோவில் ஒரு டாலர் கொடுத்தவனுக்காக. இரட்டை விலை வாங்குங்கள், தடுக்கவில்லை. விற்றது போக மிச்சமெல்லாம் உலைக்குத்தான் போகும் என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிட்டு வாங்குங்கள்.

காசுக்கண்:
அந்த நிபந்தனைக்கு என் ஓட்டு. ஆனால் உருக்குவதற்கு முன்னால் அந்த முகம் யாருடையது என்று யாராவது சொல்லிவிடுங்கள்.