குதித்தேன் என்று சொல்லிவிட்டாள்

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, 2022-இல் நேபாளத்தில் குஷ்மா பக்கம் ஒரு மலைக்கிராமப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போனாள். மதுரை தமுக்கம் பொருட்காட்சியில் ராட்டினம் ஒரு சுற்று முடிவதற்குள் "நிறுத்தச் சொல்லுடி" என்று என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு அழுதவள் இவள். "தீபாவளி லீவுக்கு வாடி, ஊர் சுத்தலாம்" என்றாள். கோயில், ஏரி, மோமோ, அவ்வளவுதான் இருக்கும் என்று நம்பிக் கிளம்பினேன்.

காத்மாண்டுவிலேயே முதல் சறுக்கல். நேபாள நேரம் நம்மைவிடக் கால் மணி முந்தியது. என் கைக்கடிகாரமோ இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. சாவகாசமாகத் தேநீர் குடித்துவிட்டு வந்தால், பஸ் உறுமிக்கொண்டிருக்கிறது, இவள் படியில் நின்று நடத்துநரிடம் நேபாளியில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

பொக்ரா போகும் சாலையில் வெகுதூரம் திரிசூலி ஆறு கூடவே வருகிறது. சரௌதியில் இறங்கி ரப்பர் படகு ஏறினோம். வழிகாட்டி "பார்வர்ட்" என்றால் துடுப்பு போட வேண்டும், "கெட் டவுன்" என்றால் உள்ளே குந்த வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் குந்தினேன். முதல் அலை முகத்தில் அறைந்தபோது பல் கிட்டிப்போனது, அப்படி ஒரு குளிர். அதற்குப் பிறகு சிரிப்புதான்.

மறுநாள் பொக்ரா பக்கம் சாரங்கோட்டில் பாராகிளைடிங், பாராசூட் மாதிரித் துணிச்சிறகில் பறப்பது. விலையைக் கேட்டு நெஞ்சு அடைத்தது. நம்முடைய 100 ரூபாய் அங்கே 160 என்பதால் 1.6-ஆல் வகுத்துப் பார்த்தேன், அப்புறமும் கொஞ்சம் அடைத்தது. பைலட்டோடு சேர்த்துக் கட்டிச் சரிவில் ஓடச் சொல்கிறார்கள். "உட்காராதே, ஓடு, ஓடு" என்று பின்னாலிருந்து கத்துகிறார். ஓடிக்கொண்டே இருந்தேன், ஒரு கட்டத்தில் காலுக்கடியில் தரை இல்லை. பருந்துகள் வட்டமிடும் இடம் பார்த்துப் பைலட்டும் போனார். சூடான காற்று அங்கேதான் மேலே எழும்புமாம். வடக்கே மச்சாபுச்சரே, மீன் வால் மாதிரி. 6,993 மீட்டர். அதைப் புனித மலையாக வைத்திருப்பதால் ஏற அனுமதி கொடுப்பதில்லை. கீழே பேவா ஏரி. அந்த அரைமணி நேரம் என் வாழ்க்கையிலேயே சத்தம் குறைந்த அரைமணி.

அந்தத் தைரியத்தில்தான் குஷ்மா பஞ்சி ஜம்ப்புக்குத் தலையாட்டினேன். பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு தொங்குபாலம், கணுக்காலில் கயிறு கட்டிக்கொண்டு நடுவிலிருந்து குதிக்க வேண்டும். 228 மீட்டர். எடை பார்த்து, அது எத்தனை கிலோ என்று மார்க்கரால் புறங்கையில் எழுதுகிறார்கள். காய்கறி மூட்டைக்கு எழுதுவது மாதிரி. கீழே காளி கண்டகி, வெள்ளிக் கம்பி போல. சாளக்கிராமக் கற்கள் கிடைக்கிற அதே ஆறு. இதன் கரையோடு வடக்கே போனால் முக்திநாத், திருமங்கையாழ்வார் பாடிய திவ்விய தேசம். "அங்க போயிட்டு வாடி" என்றுதான் அம்மா பணம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அது அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தது.

முதலில் தோழி போனாள். கைகளை விரித்தாள், அவ்வளவுதான். ராட்டினத்துக்கு அழுதவள்! அடுத்தது நான். கணுக்காலில் கயிற்றின் கனம் தனியாகத் தெரிந்தது. விளிம்புக்கு வெளியே கால் விரல் நீட்டி நின்றேன். "த்ரீ, டூ" வரை கேட்டேன். "ஒன்" சொல்வதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு தரம் முயன்று பார்த்தார்கள். பிறகு அந்தப் பையன் மரியாதையாகவே கயிற்றை அவிழ்த்துவிட்டான். பணம் திரும்ப வரவில்லை, அவர்கள் முன்பே சொல்லித்தான் வாங்கினார்கள்.

ஆனால் அவளுடைய கிராமத்துக்கு நான் போன அன்று ஒன்று பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவே ஓர் ஓடைப் பள்ளம், அதற்கு மேல் இரும்புக் கயிற்றுப் பாலம். தினமும் நாலு தரம் அதில் நடக்கிறாளாம். மலைப்பாதையில் எதிரே கழுத்துமணி குலுங்கக் கோவேறு கழுதைகள் வந்தால், மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்று கடைக்காரப் பாட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எனக்குப் பாலம் ஆட ஆட வயிற்றைப் புரட்டியது. இவள் ஒரு கையில் முட்டை அட்டையோடு போனில் பேசிக்கொண்டே நடந்தாள்.

நமக்குத் தீபாவளியான அக்டோபர் 24 அங்கே திஹார். அன்று நாய்களுக்குப் பூஜை. தெருநாய் உட்பட எல்லாவற்றுக்கும் நெற்றியில் திலகம், கழுத்தில் செண்டுமல்லி மாலை. வீட்டு நாய் ஒன்று மாலையைத் தின்றுவிட்டு அடுத்ததுக்கு வந்து நின்றது. இரவு லட்சுமி பூஜை. பாட்டி அரிசி மாவில் செல் ரொட்டி சுட்டுக் கொடுத்தாள், வளையமாய், கிட்டத்தட்ட அதிரச வாசம்.

பெண்பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வந்தார்கள், எல்லாம் இவள் மாணவிகள். பாடி முடித்ததும் ஒரு சின்னவள் என்னைக் காட்டி என்னமோ கேட்டாள். இவள் பதில் சொன்னாள். சட்டென்று எல்லோரும் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி என் கையைத் தொட்டுக்கூடப் பார்த்தாள், மார்க்கர் எண் இன்னும் லேசாகத் தெரிந்துகொண்டிருந்த கையை.

அவர்கள் போன பிறகு கேட்டேன், "என்னடி சொன்ன?"

"குதிச்சியான்னு கேட்டாங்க. ரெண்டு தரம்னு சொன்னேன்."