பழைய கடப்பா மேடைக்கு எபாக்ஸி பூசலாமா?

காவேரிப்பட்டினத்திலிருந்து கேள்வி:
எங்கள் சமையல் மேடையின் கடப்பா கல், அடுப்பைச் சுற்றி எண்ணெய் ஊறித் திட்டுத்திட்டாக மங்கிவிட்டது. கல்லைப் பெயர்க்காமல் அதன் மேலேயே எபாக்ஸி ரெசின் (பூசியபின் கெட்டியாக இறுகும் செயற்கைப் பிசின்) பூசினால் நிலைக்குமா?

தருமபுரியிலிருந்து பதில்:
நிலைக்கும். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ரெசின் ஒட்டாது என்பதால், சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகு, 80-ஆம் எண் உப்புத்தாளால் பளபளப்பு மறையும்வரை தேய்த்துத் தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் டப்பாவில் குறித்துள்ள விகிதத்திலேயே கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பூச்சு பிசுபிசுத்தே நின்றுவிடும். ஒரு நாளில் தொடுமளவுக்குக் காய்ந்தாலும், முழுமையாக இறுக ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். கையுறை அவசியம்.

பர்கூரிலிருந்து பதில்:
சூட்டை யாரும் சொல்லவில்லையே! சாதாரண எபாக்ஸி 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்குவதால், அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரைப் பிரிமணை இல்லாமல் வைத்தால் வட்டமாகத் தடம் விழும். கிரானைட் பட்டறைகள் நிறைந்த நம் பக்கத்தில், மறுபாலிஷுக்கும் புதுக் கல்லுக்கும் என்ன கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அடுப்படிக்கு நான் கல்லையே தேர்ந்தெடுப்பேன்.

காவேரிப்பட்டினம்:
அடுப்புப் பக்கம் கிரானைட், சிங்க் பக்கம் எபாக்ஸி என்று பிரிக்கலாமா?

பர்கூர்:
தாராளமாக. இரண்டும் சேரும் இடுக்கில் மட்டும் சிலிக்கோன் பசையால் அடைத்துவிடுங்கள்.