1000 ரூபா சம்பளத்தால வருமானம் கூடிச்சா, டேட்டால எப்படிப் பாக்குறது?

தலவாக்கலைப் பொடிச்சி:
கெம்பஸ்ல எகனொமிக்ஸ் மூணாம் வருசம். 2021 மார்ச்ல இலங்கைல சம்பள சபை தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளத்த 1000 ரூபா ஆக்கினாங்கதானே (900 அடிப்படை, 100 கொடுப்பனவு), அதால வீட்டு வருமானம் கூடிச்சான்னு ப்ராஜெக்ட் செய்றேன். முன்ன பின்ன சராசரி எடுத்தா போதுமா? அம்மாட சம்பளத் துண்டுல முந்தி 22 பேர் (ஒரு பேர்னா ஒரு நாள் சம்பளம்) விழுந்த மாசத்துக்கு இப்ப 14 தான், அதுலயும் நாலு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்.

மலைக்காத்து:
போதாது தங்கச்சி. மார்ச்ல சம்பளம், மே மாசம் ரசாயன உரத்தடை, ரெண்டும் ஒட்டிக்கிட்டு வருது. 2021ல நாட்டுல 300 மில்லியன் கிலோ கிட்ட இருந்த தேயிலை உற்பத்தி 2022ல 250 கிட்ட இறங்கிருச்சு, கொழுந்தே இல்லாட்டி பேர் எங்க விழும்? சம்பளம் கூட்டுனதாலதான் வேலைநாள் குறைஞ்சுச்சுன்னு எழுதினா கம்பனிக்காரன் கைதட்டுவான். கார்ட், குரூகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1992ல அமெரிக்காவுல நியூஜெர்சில குறைந்தபட்ச சம்பளம் கூடினப்ப அங்கத்த சாப்பாட்டுக் கடைகள பக்கத்து பென்சில்வேனியால கூடாத கடைகளோட வச்சுப் பாத்தாங்க, வேலை குறையல. உங்களுக்கும் ஒரு பென்சில்வேனியா, அதாவது சம்பளம் கூடாத ஒரு பக்கம், வேணும்.

தங்கச்சி மாதிரி ஒருத்தி:
ரத்தினபுரி, காலி பக்கம் சிறுதோட்டத்துல கூலிக்கு கொழுந்து ஆயுறவங்கள எடுத்துப் பாக்கலாமே, உரத்தடை அங்கயும் அடிச்சுச்சு. ஆனா 2021க்கு முந்தின வருசங்கள்ல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்குதான்னு முதல்ல பாருங்க, இல்லாட்டி அந்த ஒப்பீடு செல்லாது. இன்னொண்ணு, சர்வேல தோட்டத்துறைன்னு போட்டா அது குடியிருக்கிற இடந்தான், லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்துகிட்டு டவுனுக்கு கடை வேலைக்குப் போறவனும் அதுக்குள்ள வருவான். 2019ல தோட்டத்துறை வறுமை 33.8 வீதம் (நாடு முழுக்க 14.3) அப்படின்றதும் அந்தக் கணக்குலதான்.

பழைய கணக்கப்பிள்ளை:
மகள், நான் தோட்டத்துல செக்ரோல் (பேர் பதியிற புத்தகம்) எழுதினவன். எங்க தோட்டத்துல 1000 வந்த கையோட ஒரு பேருக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 16 கிலோல இருந்து 20 ஆச்சு, 20 எடுக்காட்டி அரைப்பேர். அதால நாள் கணக்கை மட்டும் எண்ணாதீங்க, முழுப்பேர் அரைப்பேர் தனித்தனியா எடுங்க. ஞாயித்துக்கிழமை கைக்காசு கொழுந்து (கிலோக் கணக்குல காசு குடுக்கிறது) செக்ரோல்லயே வராது, அத வீட்டுலதான் கேக்கணும். தோட்ட ஆபீஸ்ல போய்க் கேட்டா டேட்டா தருவாங்கன்னு நம்பி நாளை வீணாக்காதீங்க.

தலவாக்கலைப் பொடிச்சி:
ஐயா ரொம்ப நன்றி, அரைப்பேரையும் முழுப்பேரையும் ஒண்ணாத்தான் கூட்டி வச்சிருந்தேன், திரும்பப் பிரிக்கணும். இப்பத்தான் அம்மாகிட்ட கைக்காச கேட்டேன், கலண்டர் பின்பக்கத்துல கிலோவும் காசும் எழுதி வச்சிருக்காங்களாம், 2019ல இருந்து, ஒரு கலண்டரையும் வீசல. பக்கத்து லயக் காமராக்கள்லயும் யாராச்சும் இப்பிடி வச்சிருக்காங்களான்னு நாளைக்கு கேட்டுப் பாக்குறேன்.