காலையில் சரியாக இருக்கும் லேசர் அளவு மதியம் 52 மைக்ரான் தள்ளிப்போகிறது, என்ன காரணம்?

கேள்வி
சிஎன்சி (கணினி இயக்கும்) மெஷினின் 1500 மி.மீ. அச்சை, லேசர் ஒளியால் தூரத்தைத் துல்லியமாக அளக்கும் லேசர் இன்டர்ஃபெரோமீட்டர் வைத்து கேலிபரேட் செய்கிறேன். காலையில் மெஷினைப் போட்டதும் அளந்தால் கடைசிப் புள்ளியில் 4 மைக்ரானுக்குள் நிற்கிறது. மூன்று மணி நேரம் ஓடிய பிறகு அதே இடத்தில் லேசர் 1500.052 காட்டுகிறது, தூரம் கூடக்கூட பிழையும் நேர்கோடாக ஏறுகிறது. பீமை மூன்று தடவை நேராக்கிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. இதை அப்படியே கன்ட்ரோலரின் திருத்த அட்டவணையில் ஏற்றிவிடலாமா?

பதில் 1
பீம் சாய்ந்திருக்கும். பீமைத் திருப்பியனுப்பும் ரிஃப்ளெக்டர் கடைசிவரை போகும்போது ஒளிப்புள்ளி நகர்கிறதா என்று பாருங்கள்.

பதில் 2
சாய்வாக இருக்காது. பீம் சாய்ந்தால் லேசர் எப்போதும் குறைத்துத்தான் காட்டும், உங்களுக்குக் கூட்டிக் காட்டுகிறது. அதோடு 52 மைக்ரான் பிழை வர, பீம் 1500 மி.மீ.க்குள் 12 மி.மீ. விலகியிருக்க வேண்டும், அது கண்ணுக்கே தெரிந்துவிடும். காற்றும் இல்லை, ஏனென்றால் காற்றின் வெப்பம் 1 டிகிரி மாறினால் மீட்டருக்கு 1 மைக்ரான் அளவுக்குத்தான் மாறும். எஃகு அப்படியில்லை, 1 டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11.7 மைக்ரான் நீளும். உங்கள் பிழை கிட்டத்தட்ட 3 டிகிரிக்குச் சமம். எஃகு நீண்டதை லேசர் கழித்துக்கொள்வதற்காக மெஷினின் வெப்பத்தை அளக்கும் மெட்டீரியல் சென்சார் எங்கே இருக்கிறது? அப்புறம், தயவுசெய்து அட்டவணையில் ஏற்றாதீர்கள், மறுநாள் காலை மெஷின் குளிர்ந்திருக்கும்போது அதே 52 மைக்ரான் எதிர்ப்பக்கம் வந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்
பிடித்துவிட்டீர்கள்! கேபிள் எட்டவில்லை என்று சென்சாரை முக்காலியிலேயே தொங்கவிட்டிருந்தேன், அது இத்தனை நாளும் காற்றைத்தான் அளந்திருக்கிறது. சென்சாரில் 24.2, பெட்டில் (மெஷினின் அடித்தளத்தில்) தொடு வெப்பமானியை வைத்தால் 27.1.

பதில் 2
2.9 டிகிரி, அதாவது 51 மைக்ரான், கணக்கு பொருந்துகிறது. பெட்டில், அச்சு நகர்ந்த தூரத்தை மெஷின் படிக்கும் ஸ்கேலுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு சென்சாரைக் காந்தத்தோடு ஒட்டுங்கள், பிசுக்கு இருந்தால் வெப்பம் சரியாக ஏறாது. 20 நிமிடம் விட்டுவிட்டு அளங்கள். ஸ்கேல் கண்ணாடியா எஃகா? கண்ணாடி என்றால் லேசரின் திருத்தக் கணக்கில் 11.7 போடக் கூடாது, 8 பக்கம் வரும், ஸ்கேலின் விவரத்தாளில் பார்த்துப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்
எஃகு ஸ்கேல்தான். நீங்கள் சொன்னபடி ஒட்டிவிட்டு, மெஷின் சூடாக இருக்கும்போதே அளந்தேன்: 1500.003. அட்டவணையைத் தொடவே இல்லை, மிக்க நன்றி.