டெலிகேட்: பிரதிநிதியா, பேராளரா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> 'டெலிகேட்' என்பதற்குப் 'பிரதிநிதி' போதுமே, எதற்கு இன்னொரு சொல்?

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் மன்னார்குடிப் பக்கம் ஏதாவது ஒரு காதுகுத்து பேனரைப் பாருங்கள். தாய்மாமன் பெயருக்குக் கீழே 'மாவட்டப் பிரதிநிதி' என்று போட்டிருக்கும். அது கட்சிப் பொறுப்பு, அடுத்த உட்கட்சித் தேர்தல் வரைக்கும் அவரிடம் இருக்கும். எம்.எல்.ஏ.வும் மக்கள் பிரதிநிதிதான். நாம் தேடுகிற ஆள் வேறு. கீழே உள்ள அமைப்பு தேர்ந்து அனுப்புகிறது, அவர் மாநாட்டில் வாக்களிக்கிறார், மாநாடு கலைந்ததும் அந்தத் தகுதியும் போய்விடுகிறது. இவருக்கு நான் முன்வைப்பது 'பேராளர்'. மலேசியத் தமிழர்கள் கட்சி மாநாட்டுச் செய்திகளில் எழுதி எழுதிப் பழகிய சொல்தான்.

வரலாற்றைப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மாநாட்டில் 72 டெலிகேட்டுகள். முதல் தீர்மானத்தை முன்மொழிந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றில் பிறந்தவர், ஆனால் போனது சென்னைப் பத்திரிகையாளராக. 1887இல் சென்னையிலேயே மாநாடு நடந்தபோது 607 டெலிகேட்டுகள் வந்தார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த மூக்கணாசாரி என்ற கைவினைஞர் தமிழிலேயே பேசினார். வக்கீல்களின் ஆங்கிலத்துக்கு நடுவே அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 50,000 மக்களுக்கு ஒரு டெலிகேட் என்ற அளவு 1920 நாகபுரியில்தான் வந்தது. 'இந்த ஊருக்கு இத்தனை பேர்' என்ற கணக்கு அங்கிருந்துதான் உறுதியாகிறது.

மாநாட்டுக்கு வந்தவர் எல்லாரும் டெலிகேட் ஆகிவிட மாட்டார்கள் என்பதற்குத் திருச்சியே சாட்சி. 1956 தி.மு.க. மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டு சிவப்பு, கறுப்பு என இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். நிற்கலாம் என்று 56,942 ஓட்டு, வேண்டாம் என்று 4,203. பேராளர் முறையே இல்லாமல், வந்த கூட்டத்திடமே நேராகக் கேட்டுவிட்டார்கள். அதைப் 'பேராளர் வாக்கெடுப்பு' என்று மொழிபெயர்த்தால் தப்பு.

அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் 'சூப்பர் டெலிகேட்'டை 'மீப்பேராளர்' என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாமே. அவர்கள் யாரும் தேர்ந்தனுப்பாமல், வகிக்கும் பதவியாலேயே உள்ளே வருபவர்கள். 'பதவிவழி உறுப்பினர்' என்று அரசாணைகளில் ஏற்கெனவே இருக்கிறது, 'பதவிவழிப் பேராளர்' என்றாலே விஷயம் விளங்கிவிடும்.

---

ஐயா, வணக்கம்.

பேராளர் என்றால் எங்கள் கீழ்வேளூர்ப் பக்கம் 'பெரிய ஆள்' என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே கம்யூனிஸ்ட் தோழர்கள் பேச்சில் பிரதிநிதி, பார்வையாளர் என்ற இரண்டே வகைதான். பிரதிநிதிக்கு ஒரு படிவம் கொடுப்பார்கள்: வயது, கட்சியில் சேர்ந்த ஆண்டு, சிறையில் இருந்த காலம், தலைமறைவாக இருந்த காலம். அதையெல்லாம் தொகுத்துத் தகுதி ஆய்வுக் குழு மேடையில் வாசிக்கும். இவ்வளவு தெளிவாகப் புழங்குகிற சொல்லைக் கலைச்சொல் என்ற பெயரில் தள்ளிவைப்பது எனக்கு உவப்பில்லை.

---

சரி, நியாயம்தான். புழக்கத்தில் உள்ளதை மாற்றச் சொல்லவில்லை. இடதுசாரிக் கட்சிகளின் மாநாடுகளைப் பற்றி எழுதும்போது 'பிரதிநிதி' என்றே இருக்கட்டும். அமெரிக்க மாநாடுகளுக்கும் பழைய காங்கிரசுக்கும் 'பேராளர்'. 'தகுதி ஆய்வுக் குழு'வை மட்டும் எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளலாம், அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரிந்து இல்லை. அப்புறம், டெலிகேட் வர முடியாவிட்டால் அவருக்குப் பதில் உட்காருகிறவர் 'மாற்றுப் பேராளர்'. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.