ஃபோகஸ்: ‘குவியம்’ வேண்டாம், ‘பிடி’ போதும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உலாவியில் (பிரவுசரில்) வரும் ஃபோகஸ் (focus) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘குவியம்’ என்றே வைத்துவிடலாம், பாடநூலில் பழகியதுதானே என்று ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். பழகிய சொல்தான். ஆனால் குவியம் என்பது குவி லென்ஸ் வழியாக வரும் ஒளிக்கதிர்கள் ஒன்றுகூடும் புள்ளி. டேப் விசையைத் தட்டும்போது எதுவும் எங்கும் குவிவதில்லை. அடுத்துத் தட்டும் விசை எந்தப் பொத்தானுக்குப் போய்ச் சேரும் என்பதுதான் அங்கே கேள்வி.

எனக்குப் ‘பிடி’ என்ற சொல்லைக் கொடுத்தவர் என் சித்தப்பா. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறார். பக்கவாதம் வந்துபோன பிறகு வலது கை நடுங்குகிறது, மவுஸ் நிற்காது. இடது கையால் டேப், ஷிஃப்ட்-டேப், என்டர், அம்புக்குறிகள். முழு வேலையும் இவற்றில்தான். போன மாதம், பில் போடும் தளம் ஒன்றில், எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை அழகுக்காக எடுத்துவிட்டிருந்தார்கள். ‘சேமி’ என்று நினைத்து என்டர் தட்டினார். நின்றதோ ‘நீக்கு’வில். பதினோரு உருப்படி ஏற்றிய பில் போயே போய்விட்டது. என்னைக் கூப்பிட்டு, “பிடி எங்க இருக்குதுன்னே தெரியலடா” என்றார்.

ஏற்காடு பேருந்தில் நின்றுகொண்டே மலையேறியவர்களுக்கு இது உடனே விளங்கும். 20 கொண்டை ஊசி வளைவு. நடுவில் இடம் மாறி நிற்க வேண்டுமென்றால், அடுத்த கம்பியைக் கண் பார்த்த பிறகுதான் கை இந்தக் கம்பியை விடும்.

சொல்லை வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம். ‘தேடல் பெட்டிக்குப் பிடி கிடைத்தது.’ ‘பிடி அடுத்த இணைப்புக்கு நகர்ந்தது.’ ‘பெட்டியை மூடியதும் பிடி நழுவியது.’ இதே இடத்தில் ‘குவியம் நழுவியது’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கே ஒத்துழைக்காது. டேப் செல்லும் ஒழுங்குக்குப் ‘பிடிவரிசை’, சித்தப்பா தேடிய அந்தக் கோட்டுக்குப் ‘பிடிக்கோடு’. இணையத் தர நெறிகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வேண்டும் என்று வெளியிடும் அணுகல் வழிகாட்டுதலின் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள நெறி ஒன்றை ‘பிடி கண்ணுக்குத் தெரிய வேண்டும்’ என்று சொல்லிவிடலாம். பக்கத்தின் தலையில் ஒட்டி நிற்கும் பட்டை போன்றவற்றை மனதில் வைத்து 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு சேர்த்தது, ‘பிடி முழுதாக மறையக் கூடாது.’ இதற்கு விளக்கவுரை தேவையா?

‘பிடி’ ஏவல்வினையாகவும் வருமே என்று கேட்பீர்கள். வரும். ஆனால் இடைமுகத்தில் இந்தச் சொல் தனியாக நிற்கும் இடம் குறைவு. அங்கே மட்டும் ‘விசைப்பிடி’ என்று எழுதலாம். இழுத்து நகர்த்தும் ஹேண்டிலுக்குக் ‘கைப்பிடி’ ஏற்கெனவே இருக்கிறது. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைபடிப்பான் வேகமாக வாசிக்கும்போது இரண்டெழுத்துச் சொல் காதுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை அதைக் கேட்டுப் பழகியவர்கள் சொல்வார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. மேலெழும் பெட்டிக்குள் பிடி போய்விட்டு, எத்தனை டேப் தட்டினாலும் வெளியே வராமல் அங்கேயே சுற்றுகிறதே, அந்தக் கோளாறு. எலிப்பொறி போலச் சிக்கவைப்பதால் ‘பொறி’ என்றால், இயந்திரமும் நினைவுக்கு வருகிறது. ‘பிடிப்பூட்டு’ என்று எழுதிவருகிறேன். பூட்டு என்றால் யாரோ வேண்டுமென்றே போட்டது போலிருக்கிறது. வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.