லெம்னிஸ்கேட் வகுப்பில் மூன்றாம் கெழு: எனக்கு 5/16, கைடுக்கு 1/4

திருமங்கலம்_தம்பி:
எஃப் = இசட் + ஏ2·இசட்² + ஏ3·இசட்³ + … என்ற சார்பில் மூன்றாம் கெழு ஏ3 அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகலாம் என்பதுதான் என் கணக்கு. மூன்று நாளாக அந்த ஒரே பின்னத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போட்டாலும் அதே விடைதான்.

சாதாரண ஸ்டார்லைக் சார்பு (அலகு வட்டை, மையத்திலிருந்து பார்த்தால் முழுக்கத் தெரியும் வடிவத்துக்கு ஒன்றுக்கொன்றாகக் கொண்டுபோவது) எனக்குப் புரிகிறது. இசட்·எஃப்′/எஃப் என்பதன் மெய்ப்பகுதி நேர்மம். கராதியோடரி சொன்னபடி அதன் ஒவ்வொரு கெழுவின் மட்டு மதிப்பும் (மாடுலஸ்) 2-ஐத் தாண்டாது. அதை வைத்துக் கூட்டிக்கொண்டே போனால் எஃப்-இன் என்-ஆம் கெழு என்-ஐத் தாண்டாது. சரி.

இப்போது சோகோல், ஸ்டான்கியேவிச் 1996-இல் கொண்டுவந்த லெம்னிஸ்கேட் வகுப்பு. இதில் இசட்·எஃப்′/எஃப்-இன் மதிப்புகள் எட்டு வடிவ லெம்னிஸ்கேட் வளைவின் வலது பாதிக்குள் இருக்கும். இசட்·எஃப்′/எஃப் = √(1+டபிள்யூ), டபிள்யூ ஒரு ஷ்வார்ஸ் சார்பு (இசட் = 0-இல் மதிப்பு 0, அலகு வட்டுக்குள் மட்டு மதிப்பு 1-க்குக் கீழ்), அதன் கெழுக்கள் சி1, சி2... விரித்தால்

ஏ2 = சி1/2
ஏ3 = சி2/4 + சி1²/16

சி1, சி2 இரண்டின் மட்டு மதிப்பும் 1-ஐத் தாண்டாது. ஆக 1/4 + 1/16 = 5/16. என் ஆய்வு கைடு சிவப்பு மையில் ‘1/4, மறுபடி பார்’ என்று எழுதித் தந்துவிட்டார். நான்கு முறை பார்த்தாயிற்று, கூட்டலில் தப்பு தெரியவில்லை.

மேலூர்_வாத்தியார்:
கூட்டலில் தப்பே இல்லை தம்பி. 5/16-உம் பொய் இல்லை, ஏ3 அதைத் தாண்டாதுதான். ஆனால் தொடவும் தொடாது. பையில் இருப்பது ஒரே ஒரு நூறு ரூபாய். ஜிகர்தண்டாவுக்கும் நூறு வரை போகலாம், மல்லிகைப்பூவுக்கும் நூறு வரை போகலாம். அதற்காகச் செலவு இருநூறு என்று எழுதுவாயா?

இங்கேயும் சி1-க்குப் போனது போக மிச்சம்தான் சி2-க்கு: |சி2| ≤ 1 − |சி1|². இதைப் போடு. மேல்வரம்பு 1/4 − (3/16)|சி1|² ஆகிறது. சி1 கூடினால் குறையத்தான் செய்யும்; சி1 = 0-இல் உச்சம், 1/4.

திருமங்கலம்_தம்பி:
அப்போ பழைய ஸ்டார்லைக்கில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 2 போட்டுக் கூட்டினேனே சார், அது மட்டும் எப்படிச் சரியாச்சு?

மேலூர்_வாத்தியார்:
அங்கே நம் அதிர்ஷ்டம். (1+இசட்)/(1−இசட்) விரித்துப் பார், எல்லாக் கெழுவும் 2. ஒரே சார்பு அத்தனை உச்சத்தையும் சேர்த்துத் தொடுகிறது. அதிலிருந்து வருவதுதான் கோபே சார்பு, கெழுக்கள் 1, 2, 3, 4 என்று போகும். என்-ஆம் கெழு என்-ஐத் தாண்டாது என்று பீபர்பாக் 1916-இல் ஊகித்ததை ஸ்டார்லைக் வகுப்புக்கு நெவன்லின்னா சீக்கிரமே முடித்துவிட்டார். ஒன்றுக்கொன்றான சார்புகள் அத்தனைக்கும் டி பிராஞ்ச் முடிக்க 1980-கள் ஆயிற்று.

செக்கானூரணிக்காரி:
ஷார்ப் (இதைவிடக் குறைக்க முடியாத வரம்பு) என்று எழுதினால் தொடும் சார்பையும் காட்டணும் தம்பி, வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். டபிள்யூ = இசட்² வை: ஏ2 = 0, ஏ3 = 1/4. டபிள்யூ = இசட் என்று வைத்தால் ஏ2 தன் உச்சமான 1/2-ஐத் தொடும், ஏ3 மட்டும் 1/16-இல் படுத்துவிடும். இந்த ஒன்றைப் பார்த்தாலே 5/16 ஏன் நடக்காது என்று தெரிந்துவிடும்.

திருமங்கலம்_தம்பி:
போட்டுப் பார்த்தேன் அக்கா, வந்துவிட்டது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கமே போதுமாக இருந்தது. அடுத்து ஏ4, 1/6 வர வேண்டுமாம். அதற்கு டிக்கெட் பத்தாது.